‘லைன்’ எனும் சொல்லும் ‘லயம்’ எனும் குடியிருப்பும்

ஆங்கில மொழியில் நாள்தோறும் வழங்கும் எளிய பெயர்ச்சொற்களுள் ‘லைன்’ என்பதும் ஒன்று. பாடசாலைப் பிள்ளை கொப்பியில் அடிமட்டம் வைத்து இழுப்பதும் லைன். கூட்டுறவுக் கடை வாயிலில் மக்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பதும் லைன். புகையிரதம் ஓடும் பாதையும் லைன். தொலைபேசியில் குரலைக் கொண்டுவரும் கம்பியும் லைன். கவிதையின் அடி, நடிகன் மனனஞ் செய்யும் வசனம், அரச பரம்பரை, கப்பற் கம்பனி, மீன்பிடிக்கும் தூண்டிற்கயிறு, முகத்திற் காணும் சுருக்கம், இரு நாடுகளுக்கிடையே வரையப்படும் எல்லை ஆகிய அனைத்தையும் இவ்வோரசைச் சொல்லே சுட்டி நிற்கின்றது. இவ்வளவு சிறிய சொல் இவ்வளவு சுமையைத் தாங்குவது எந்த மொழியிலும் அரிதன்று. எனினும், ஒரு சொல்லின் பல பொருள்களும் எல்லோர் வாழ்விலும் சம அளவிற் பங்குகொள்வதில்லை. அகராதியின் மூலையிலே, பன்மை வடிவில், ‘படைவீரருக்கோ தொழிலாளருக்கோ வரிசையாகக் கட்டப்பட்ட குடில்கள்’ என்ற அளவிற் குறிக்கப்பட்டுக் கிடக்கும் பொருளொன்று, இலங்கையின் மத்திய மலைநாட்டில் வாழும் தமிழ் மக்களைப் பொறுத்தவரை பிறப்பு முதல் இறப்பு வரை அவர்தம் வாழ்வை வரையறுத்த பொருளாக அமைந்துவிட்டது. அவர்கள் வாயில் அச்சொல் ‘லயம்’ என வழங்குகின்றது. ஒரு மொழியில் ஒழுங்குமுறை ஒன்றைச் சுட்டிய சொல், பிறிதொரு மொழியில் மனிதர் வாழுமிடத்தின் பெயராக மாறிய வரலாறு மொழியாராய்ச்சியோடு மட்டும் முடிந்துவிடுவதன்று. அது குடியுரிமையையும் வாக்குரிமையையும் தொட்டுச் செல்லும் வரலாறாகும்.

சொல்லின் வேரை முதலில் நோக்குதல் தகும். இலத்தீன் மொழியில் ‘லீனும்’ என்பது ஆளிச் செடியைக் குறிக்கும். அச்செடியின் நாரிலிருந்து திரிக்கப்பட்ட நூல் ‘லீனெயா’ எனப்பட்டது. ஆளி நாரில் நெய்த லினன் துணியும், மேற்சட்டையின் உட்புறத்தே அத்துணியை வைத்துத் தைத்தமையால் வந்த ‘லைனிங்’ என்ற சொல்லும் இவ்வேரிலிருந்து கிளைத்தவையே. நூல் என்ற பொருளில் ஆங்கிலத்தினுட் புகுந்த சொல், தச்சரும் கொத்தரும் அந்நூலை இழுத்துப் பிடித்து நேர்மை பார்த்தமையால், நூல் விட்டுச் சென்ற தடத்தையும் குறிக்கலாயிற்று. தடம் பின்னர் கேத்திரகணிதத்தில் அகலமற்ற நீளமாயிற்று, எழுத்து வரிசையாயிற்று, மனிதர் வரிசையாயிற்று.

தமிழிலும் இதற்கிணையான போக்கொன்று உண்டு. பஞ்சிலிருந்து திரித்த நூலும், தச்சன் மரத்தின் கோணலைப் போக்கப் பிடிக்கும் நூலும், மாந்தர் மனக்கோணலைப் போக்கும் சாத்திரமாகிய நூலும் ஒரே சொல்லாற் சுட்டப்படுவதை நன்னூலார் பாயிரத்திலே உவமை காட்டி விளக்கியுள்ளார். இலத்தீன் நூல் கோட்டுக்குச் சென்றது. தமிழ் நூல் ஏட்டுக்குச் சென்றது. கோட்டைக் குறிக்கத் தமிழ் வேறு சொற்களை வைத்துக்கொண்டது. அவற்றுள் ‘வரி’ என்பது கோட்டையும் எழுத்தையும் இறையையும் ஒருங்கே குறிப்பது. ‘நிரை’ என்பது ஒழுங்குபட நிற்கும் வரிசையைக் குறிப்பது. இந்த ‘நிரை’ என்ற சொல் இக்கட்டுரையிற் பின்னரும் வரவுள்ளமையால் அதனை ஈண்டு மனங்கொள்ளுதல் வேண்டும்.

வரிசை என்ற பொருளிலிருந்து குடியிருப்பு என்ற பொருளுக்கு இச்சொல் சென்ற வழி படைமுகாம் வழியாகும். துப்பாக்கி ஏந்திய காலாட்படை ஐரோப்பியப் போர்க்களங்களில் நீண்ட வரிசைகளாக நிறுத்தப்பட்டது; கடலிலே போர்க்கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்துச் சுட்டன. போர்வீரனை வரிசையில் நிறுத்திய தளபதி, அவன் உறங்கும் கூடாரத்தையும் வரிசையிலேயே அடிக்கச் செய்தான். வரிசையிலே அடித்த கூடாரங்களை ஒரே பார்வையில் எண்ணிவிடலாம். யார் இல்லை என்பதும் உடனே தெரிந்துவிடும். இவ்வாறமைந்த கூடார வரிசைகளும் குடில் வரிசைகளும் ‘லைன்ஸ்’ எனப் பன்மையில் வழங்கின. பிரித்தானியர் இந்தியாவில் அமைத்த படைத்தளங்களில் சிப்பாய்களின் குடில்கள் இருந்த பகுதிக்கு இதுவே பெயராயிற்று. சிங்கப்பூரில் ‘சிப்பாய் லைன்ஸ்’ என்ற இடப்பெயர் அக்காலத்தின் எச்சமாகும். தமிழ்நாட்டின் பல நகரங்களில் ‘போலீஸ் லைன்’ என ஒரு தெருவாவது இருப்பதைக் காணலாம்.

இங்கு ஒரு முரண் குறிப்பிடத்தக்கது. தில்லி, அலகாபாத் முதலான வட இந்திய நகரங்களில் ‘சிவில் லைன்ஸ்’ எனப்படும் பகுதிகள், ஆங்கிலேய சிவில் அதிகாரிகள் அகன்ற தோட்டங்களின் நடுவே பங்களா அமைத்து வாழ்ந்த இடங்கள். இன்றும் அவை செல்வர் வாழும் பகுதிகளாகவே கருதப்படுகின்றன. ஒரே சொல் ஓரிடத்தில் விசாலமான முற்றத்தையும் வேறோரிடத்தில் நூற்றிருபது சதுர அடி அறையையும் குறிக்க நேர்ந்ததாயின், அவ்வேறுபாடு சொல்லிலிருந்து பிறந்ததன்று என்பது வெளிப்படை.

இலங்கைக்கு இச்சொல் கோப்பியோடு வந்தது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான பின்னர், 1820களில் மலைநாட்டில் கோப்பிப் பயிர்ச்செய்கை பெருந்தோட்ட அளவில் தொடங்கிற்று. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேர்ட் பாண்ஸ் தாமே கன்னொறுவையில் கோப்பித் தோட்டமொன்றை வைத்திருந்தார். பேராதனைப் பூந்தோட்டத்திலிருந்து மகாவலியின் மறுகரையை நோக்குவோர் காணும் நிலம் அதுவே. பாண்ஸ் ஒரு படைத்தளபதி. வாட்டலூப் போர்க்களத்தில் நின்றவர். அவரைத் தொடர்ந்து தோட்டம் திறந்தோருள்ளும் படை அதிகாரிகளும் சிவில் உத்தியோகத்தரும் பலர். காடழித்த சரிவொன்றில் நூற்றுக்கணக்கானோரைத் தங்கவைக்க வேண்டிய நிலையேற்பட்டபோது, அவர்கள் தமக்குத் தெரிந்த அமைப்பைக் கையாண்டனர். தமக்குத் தெரிந்த பெயரையே அதற்கு இட்டனர்.

தோட்டத் தமிழில் எஞ்சியிருக்கும் சொற்கள் இதற்குச் சான்று பகர்கின்றன. விடியற்காலையில் தொழிலாளரைத் திரட்டிப் பெயர் பதிந்து வேலைக்குப் பிரித்தனுப்பும் நிகழ்ச்சியைத் தோட்ட மக்கள் ‘பெரட்டு’ என்பர். ‘பரேட்’ என்ற படைத்துறைச் சொல்லின் திரிபே அது. தப்பொலி கேட்டு எழுதல், பெரட்டுக் களத்தில் நிற்றல், மாலையில் லயத்துக்குத் திரும்புதல் என்ற நாளொழுங்கு ஒரு படைமுகாமின் நாளொழுங்கிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. வேறுபாடு, போர்வீரனுக்குச் சேவைக்காலம் முடிந்ததும் ஊர் இருந்தது என்பதே.

தொடக்கத்தில் கோப்பித் தொழிலாளிக்கும் ஊர் இருந்தது. கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் கங்காணியின் பின்னே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதை வழியே மாத்தளையை நோக்கி நடந்தவர்கள், பருவம் முடிந்ததும் மீள்வதையே எண்ணியிருந்தனர். வழியிலே கொள்ளைநோய்க்கும் பசிக்கும் இரையாகி மீளாதோர் தொகை பெரிது. அத்தகைய தற்காலிகக் கூட்டத்திற்கு மண்சுவரும் புற்கூரையும் கொண்ட வரிசைக் குடில்கள் போதுமெனத் தோட்டத்துரைமார் எண்ணியதில் அவர்தம் நோக்கில் ஒரு நியாயம் இருந்தது என்றே கொள்வோம். முகாம் முகாமாகவே இருக்கும்வரை ‘லைன்’ என்ற பெயர் அதற்குப் பொருந்தியே வந்தது.

1869இல் கோப்பி இலைகளில் நோய் காணப்பட்டது. அடுத்த இரு தசாப்தங்களுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தொழிய, 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வணிக அளவிற் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. தேயிலைக்குப் பருவமில்லை. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கின்றது. ஆண்டு முழுவதும் பறிக்கப்படல் வேண்டும். ஆகவே ஆண் தொழிலாளர் மாத்திரமன்றிப் பெண்களும் பிள்ளைகளும் குடும்பமாக வந்து நிலைத்தனர். லயத்திலே பிறந்து, லயத்திலே மணமுடித்து, லயத்தருகே புதைக்கப்பட்ட தலைமுறைகள் தோன்றின. பயிர் மாறியது, பயிரோடு தொழிலாளியின் இருப்பின் தன்மையும் மாறியது. மாறாதிருந்தது கட்டடம் ஒன்றே. மண்சுவர் கற்சுவராகவும் புற்கூரை தகரக் கூரையாகவும் மாறியிருக்கலாம். ஆயின் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் பத்தோ பன்னிரண்டோ ஒரே கூரையின்கீழ் ஒட்டி நிற்கும் அமைப்பு அப்படியே தொடர்ந்தது. சில தோட்டங்களில் இரு வரிசை அறைகளை முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டினர். இவ்விரட்டை லயங்களில் பின்புறச் சாளரத்துக்கு இடமே இல்லை. அடுப்புப் புகை முன்வாயில் வழியாகவே வெளியேற வேண்டியிருந்தது. மூன்று தலைமுறையினர் ஓர் அறையில் உறங்குவது வழக்கமாயிற்று.

இனி, ‘லைன்’ எவ்வாறு ‘லயம்’ ஆயிற்று என்பதை நோக்கலாம். இது தொடர்பாக இருவகை விளக்கங்கள் வழங்குகின்றன. குதிரை கட்டும் கொட்டிலைக் குறிக்கும் ‘லாயம்’ என்ற பழைய சொல்லிலிருந்தே இது வந்தது என்பர் ஒரு சாரார். குதிரைகளைப் போல மனிதரையும் அடைத்து வைத்தனர் என்ற மனக்கசப்பு இவ்விளக்கத்தினுள்ளே இருப்பதால் அது மேடைகளில் எடுபடுவது இயல்பே. ஆயினும் ஒலிமாற்றத்தை ஊன்றி நோக்கின் ஆங்கிலச் சொல்லையே மூலமாகக் கொள்ளல் பொருத்தமாகும். தோட்டங்களில் ‘லயன்’ என்ற வடிவமும் ‘லயம்’ என்ற வடிவமும் இன்றும் அருகருகே வழங்குகின்றன. ‘லைன்’ என்பதன் ஐகாரம் அகரமும் யகரமுமாக விரிந்து ‘லயின்’, ‘லயன்’ ஆவதில் வியப்பில்லை. சொல்லிறுதியில் னகரமும் மகரமும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவது தமிழுக்குப் புதிதன்று. நிலம் ‘நிலன்’ எனவும் முகம் ‘முகன்’ எனவும் வருவதை இலக்கண நூலார் போலி என்ற பெயரில் வகுத்துள்ளனர். அதே நெறி எதிர்த்திசையில் இயங்கி ‘லயன்’ என்பதை ‘லயம்’ ஆக்கிற்று எனலாம். இந்த மாற்றம் நிகழும்போது, ஏற்கெனவே தமிழில் இருந்த ‘லாயம்’ அதற்குத் துணைநின்றிருக்கக்கூடும். அந்நியச் சொல் ஒன்று தன்னை ஒத்த உள்ளூர்ச் சொல்லின் சாயலை ஏற்பது பல மொழிகளிற் காணப்படும் இயல்பே. இசையில் வழங்கும் ‘லயம்’ என்ற சொல்லோடு இதற்கு ஒலி ஒற்றுமையன்றி வேறு தொடர்பில்லை; அவ்வொற்றுமையை வைத்துக் கவிஞர் சிலர் சிலேடை செய்வது வேறு விடயம்.

இம்மாற்றத்தில் ஒலியினும் முக்கியமானது பொருளே. ஆங்கிலத்தில் தோட்ட நிருவாகிகள் இதனைக் ‘கூலி லைன்ஸ்’ என்றனர். இத்தொடரின் முற்பகுதி, தமிழின் கூலி என்ற சொல்லோடு தொடர்புடையதெனப் பலரும் கருதுவது, பிற்பகுதி ஆங்கிலம். தொழிலாளர் அத்தொடரைத் தம்முடையதாக்கிக் கொண்டபோது தமக்கு இழிவு சேர்த்த முற்பகுதியை விட்டுவிட்டு, அந்நியமான பிற்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டனர். அதுமட்டுமன்று, ஆங்கிலத்தில் ‘லைன்’ என்பது வெளியே நின்று நோக்குபவனின் சொல். எதிர்க் குன்றின் பங்களாவிலிருந்து பார்க்கும் துரைக்கு அது ஒரு கோடாகத் தெரிந்தது. உள்ளே வாழ்ந்தவனுக்கு அது கோடன்று. மேல் லயம், தகர லயம், பத்துக் காம்பரா லயம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. ஒவ்வொன்றுக்கும் உறவும் பகையும் திருமணப் பந்தலும் காமன் கூத்தும் உண்டு. தமிழ்நாட்டில் ‘லைன் வீடு’ என்னும்போது லைன் என்பது வீட்டுக்கு அடையாக நிற்கின்றது. மலைநாட்டில் அடை தேவைப்படவில்லை; லயம் என்றாலே போதும்.

லயத்தின் உட்பகுதிகளுக்கு வழங்கும் பெயர்களும் ஆராய்ச்சிக்குரியன. அறை ‘காம்பரா’ எனப்படும். அது போர்த்துக்கேயச் சொல். முன்புறத் தாழ்வாரம் ‘இஸ்தோப்பு’ எனப்படும்; அது ஒல்லாந்தச் சொல். இவை இரண்டும் சிங்களத்திலும் வழங்குபவை. ஆக, இந்நாட்டைக் கரையோரம் தொட்டு மலைவரை ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தவரின் மொழிகளும் ஏறத்தாழ நூற்றிருபது சதுர அடிப் பரப்பினுள்ளே கூடியிருக்கின்றன. தமிழ்ச் சொல் வளமற்றோர் அல்லர் இம்மக்கள். தேயிலைச் செடிகளின் வரிசையை அவர்கள் பேச்சுவழக்கில் ‘நெர’ என்பர். பழந்தமிழ் ‘நிரை’யே அது. காலையில் கங்காணி ஒவ்வொருத்திக்கும் நிரை பிடித்துக் கொடுப்பான். தாம் உழைத்த செடிகளின் வரிசைக்குத் தம் முன்னோர் சொல்லையும், தாம் உறங்கிய அறைகளின் வரிசைக்கு எசமானனின் சொல்லையும் அவர்கள் வைத்திருந்தமை எதனைக் காட்டுகின்றது? செடியின் நிரையைத் தாமே நட்டு, தாமே பேணினர். குடியிருப்பின் நிரை மற்றொருவரால் வரையப்பட்டுத் தமக்குக் கொடுக்கப்பட்டது. பெயரிடும் உரிமை எங்கு இருந்தது, எங்கு இருக்கவில்லை என்பதைச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன.

மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலும் ‘லைன்ஸ்’ அமைந்தன; அங்கு குடியேறிய தமிழர் வாயிலும் அது லயமாகவே வழங்கிற்று. அசாம் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் தொழிலாளர் குடியிருப்பு ‘லைன்’ எனப்படுகின்றது. ஆனால் இலங்கையில் மட்டும் இச்சொல் சட்டத்தினுள்ளும் புகுந்து ஒரு மக்கட்கூட்டத்தின் அரசியல் உரிமையை அளக்கும் கோலாயிற்று.

1937இல் கிராமச் சபைகள் தொடர்பான சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளரை அச்சபைகளின் வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கவே முதலில் எண்ணினர். இனத்தைக் குறிப்பிட்டு விலக்குவதற்கு இந்திய அரசாங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. எனவே சட்டத்தின் வாசகம் மாற்றப்பட்டது. தோட்டத்தில் தொழிலாளருக்கென வழங்கப்பட்ட குடியிருப்பில் வாழ்பவர் என்ற அடிப்படையில் விலக்கு அமைக்கப்பட்டது. அதாவது, மனிதன் யார் என்ற வினாவுக்குப் பதிலாக அவன் எங்கு உறங்குகின்றான் என்ற வினா வைக்கப்பட்டது. இரண்டுக்கும் விடை ஒன்றே என்பதை வினவியோர் நன்கறிவர். கிராமத்தில் குடிசையில் வாழ்ந்தவன் அக்கிராமத்தவன். அதனை ஒட்டிய லயத்தில் அரை நூற்றாண்டு வாழ்ந்தவன் எந்த ஊரையும் சேராதவன். வீதியொன்று போடவோ கிணறொன்று வெட்டவோ கிராமச் சபையைக் கேட்கும் உரிமை அவனுக்கில்லை.

லயம் ஒருவனுடைய வீடாகுமா என்ற வினா நேராகவே நீதிமன்றத்தின்முன் வந்த சந்தர்ப்பமும் உண்டு. தொழிலாளர் வாயில் உருளவள்ளி என வழங்கிய, கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கெனக் கையேற்றது. அங்கிருந்த தொழிலாளர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, லயக் காம்பராக்களை விட்டு வெளியேறுமாறு அறிவித்தல் கொடுக்கப்பட்டனர். அவர்கள் வெளியேறவில்லை. 1946இல் இவ்விடயம் தோட்டத் தொழிலாளரிடையே பெரும் வேலைநிறுத்தமாக வெடித்தது. வெளியேற மறுத்தோர் மீது குற்றமுறை அத்துமீறல் என்ற குற்றம் சாட்டப்பட்டது. தான் வாழ்ந்த அறையில் தொடர்ந்தும் இருந்தமையே குற்றம். அவ்வாறு தண்டிக்கப்பட்ட சின்னசாமி செல்வநாயகம் என்ற தொழிலாளியின் வழக்கு, இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் வரை சென்றது. (தந்தை செல்வா எனப்பட்ட அரசியற்றலைவரோடு பெயரளவிலேயே இவருக்கு ஒற்றுமை.) 1950இல் அக்கழகம் அளித்த தீர்ப்பு, அத்துமீறல் குற்றத்துக்கு மற்றவரைத் தொல்லைப்படுத்தும் எண்ணமே முதன்மை நோக்கமாயிருத்தல் வேண்டும் என்றது. இவருடைய நோக்கம் தம் வாழ்நாள் முழுவதும் வாழ்ந்த இடத்தில், தம் இல்லத்தில் தொடர்ந்து இருப்பதே எனக் கண்டு அவரை விடுவித்தது.

யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் நீதிமன்றமும் ‘கோடு’ எனவே வழங்கும். ஆங்கிலக் ‘கோர்ட்’ தமிழ்க் கோடாகியது அங்கு. அக்கோட்டிலே, கோடு என்ற பெயர்கொண்ட குடியிருப்பு ஒருவனின் இல்லமென ஏற்கப்பட்ட தருணம் அது. எனினும் இத்தீர்ப்பின் எல்லையையும் உணர்தல் வேண்டும். லயத்தில் இருந்தமைக்காக ஒருவனைக் குற்றவாளியாக்க முடியாது என்றதேயன்றி, லயம் அவனுக்குச் சொந்தம் என்று அது கூறவில்லை. வேலை போனால் காம்பராவும் போகும் என்ற நிலைமை மாறவில்லை. தோட்டத்துக்குள் வர விரும்பிய தொழிற்சங்கவாதியும், மகளைக் காண வந்த தகப்பனும்கூடத் துரையின் அனுமதியை நாட வேண்டியவர்களாக நெடுங்காலம் இருந்தனர்.

தீர்ப்பு வெளிவருமுன்னரே வேறொரு கோடு வரையப்பட்டுவிட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமையை நிறுவுமாறு கோரிற்று. லயத்திலே பிறந்து பதிவின்றி வளர்ந்தோருக்கு அது இயலாத காரியம். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் இடையறா வதிவைக் காட்டுமாறு கோரிற்று. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வதிந்தமையை நிறுவ வேண்டும். முகவரியற்ற ஒருவன் வதிவை எவ்வாறு நிறுவுவான்? கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி லயத்தை அடைந்தன. காம்பராவுக்கு இலக்கமிருந்தாலும் அது தோட்டத்துக் கணக்குக்கானதே. தபாற்காரன் அறிந்த இலக்கமன்று. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவரும் எழுத்தாளருமாகிய சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு ‘வீடற்றவன்’ எனப் பெயரிட்டமை இந்நிலையை நன்கறிந்தே எனலாம். கூரையுண்டு, அடுப்புண்டு, பிள்ளைகளும் உண்டு, வீடு இல்லை.

1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டனர். இந்தியா சென்றோரில் ஒரு பகுதியினர் நீலகிரியில் 1968இல் தொடங்கப்பட்ட அரச தேயிலைத் திட்டத்தில் வேலை பெற்றனர். தாயகம் திரும்பியோர் எனப் பெயரிடப்பட்ட அவர்களுக்கு அங்கும் கிடைத்தது லைன் வீடே. கடலைக் கடந்தனர், சொல்லைக் கடக்கவில்லை. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் மீண்டது. துரைமார் மாறினர்; கொடி மாறிற்று; லயத்தின் உரிமைப்பத்திரம் யார் கையில் மாறிய போதும் அது லயத்தில் வாழ்ந்தவரின் கைக்கு வரவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இறுதியாக எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கிற்று. ஆயினும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவிடுவதைக் கட்டுப்படுத்தியே வைத்திருந்தது. அப்பிரிவு திருத்தப்பட்டது 2018இல். 1937இல் கிராமச் சபை வாசலில் நிறுத்தப்பட்டவனுடைய பேரப்பிள்ளையின் லயத்துக்குச் சபையின் வீதி வரச் சட்டம் வழிவிட எண்பது ஆண்டுகள் கடந்தன.

அரசின் கணக்கெடுப்பு ஏடுகளிலும் இச்சொல் நிலைபெற்றுவிட்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன, வீடமைப்புக் கணக்கெடுப்பில் தனிவீடு, மாடிவீடு முதலியவற்றோடு ‘லைன் அறை’ என்பதும் வதிவிட வகையொன்றாக இடம்பெற்றது. படைமுகாமின் சொல் புள்ளிவிவரத்தின் சொல்லாயிற்று.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு ஏற்பட்டு லயங்கள் மண்ணுட் புதைந்தன. மண்சரிவு அபாயம் அவ்விடத்திற்கு உண்டென முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கேட்டு எங்கே செல்வது என்ற வினாவுக்கு விடை இருக்கவில்லை. கிராமத்தவன் தன் காணியில் வேறொரு மேட்டைப் பார்த்துக் குடிசையை மாற்றிக் கட்டலாம். லயத்தவனுக்கு மேடும் தோட்டத்தினது, பள்ளமும் தோட்டத்தினது. மேலும், ஒரே கூரையின்கீழ் பத்துக் குடும்பங்கள் ஒட்டி வாழும் அமைப்பில், சரிவு ஒரு வீட்டைக் கொள்வதில்லை. ஒரு வரிசையையே கொள்ளும். எண்ணுவதற்கு எளிதாயிருக்கவேண்டுமென வரையப்பட்ட கோடு அன்று இறந்தோரை எண்ணுவதற்கும் வரிசையாகவே கிடந்தது.

அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் காணியில் தனித்தனியாக வீடு கட்டிக் கொடுக்கும் திட்டங்கள் நடைபெற்று வருகின்றன. இந்திய அரசின் உதவியோடு முதலில் 4,000 வீடுகளும் பின்னர் மேலும் 10,000 வீடுகளும் அறிவிக்கப்பட்டன. பெருந்தொகையானோர் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றனர். புதிய வீடுகளைத் தோட்ட மக்கள் ‘தனிவீடு’ என்று அழைக்கின்றனர். ஏனைய தமிழர் பேச்சில் வீடு என்றாலே தனியாக நிற்பது. அதற்கு அடை வேண்டுவதில்லை. இங்கு ‘தனி’ என்ற அடையின்றி வீடு வீடாவதில்லை. புதுக்குடியிருப்பில் ஏறிய குடும்பங்களிலே, பழைய லயத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்த தகரத்தை வீட்டின் பின்புறம் சார்த்தி, அங்கே அடுப்பை வைத்துக்கொள்வோரும் உளர். அந்தச் சார்ப்பை அவர்கள் இஸ்தோப்பு என்றே சொல்கின்றனர்.